அண்ணன் கையில் நிற்காத சொற்கள்

அண்ணனுக்கு இராமேசுவரத்தில் கைடு வேலை. கோயிலுக்கு வரும் வடநாட்டுக் குடும்பங்களை ரயிலடியில் எதிர்கொண்டு, அக்னி தீர்த்தத்தில் முங்க வைத்து, கோயிலுக்குள் தீர்த்தமாட வைத்து, தனுஷ்கோடி காட்டி, மறுபடி ரயிலேற்றிவிடும் வரை அவர்கள் அவன் பொறுப்பு. இந்தியும் தெலுங்கும் குஜராத்தியும் பேசுவான். வங்காள மொழி சண்டை போடும் அளவுக்குத் தெரியும்.

பல மொழி தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாசிமணி விற்கும் பெண்கூட நாலு மொழியில் விலை சொல்லிவிடுவாள். அண்ணனிடம் இருந்தது அதற்கு மேலான ஒன்று. கடற்கரையில் அவன் வேலை பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

பித்ரு காரியத்துக்கு வருகிறவர்கள்தான் அவனைத் தேடி அதிகம் வருவார்கள். தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயர்களில் இந்தி தெரிந்தவர்கள் உண்டு. தெரியாத வயதான ஐயர் ஒருவர், கூட்டம் குறைவான ஓரமாகப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அண்ணன்தான் வாய். வந்தவர் ஈர வேட்டியோடு எதிரே உட்கார்ந்து, இறந்துபோன அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, அவர்களுடைய மனைவிமார், பிறகு அம்மா வழியில் அதே போல மூன்று தலைமுறை என்று பெயர்களை வரிசையாகச் சொல்வார். அண்ணன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். பேனா, காகிதம் எதுவும் கிடையாது. ஐயர் மந்திரத்தைத் தொடங்கியதும், எந்த இடத்தில் எந்தப் பெயர் வேண்டுமோ அதை எடுத்துக் கொடுப்பான். நடுவில் வந்தவர் அழுவார், அப்பா சாகும்போது தான் ஊரில் இல்லை என்பார். அதை ஐயருக்குத் தமிழில் சொல்வான். ஐயர் சொல்லும் ஆறுதலை அவருக்கு இந்தியில் சொல்வான். வேன் டிரைவர் போனில் கூப்பிடுவார். "இன்னும் அரை மணி ஆகும்ணே, வண்டிய நெழல்ல போடுங்க" என்பான். அப்புறம் விட்ட இடத்திலிருந்து அடுத்த பெயரை எடுப்பான். ஒரு பெயர்கூடத் தவறியதில்லை.

எங்கள் அய்யா அபிராமம் பக்கத்துக்காரர். விவசாயம் கைவிட்டதும் இராமேசுவரம் வந்து, வடக்கத்திக்காரர்கள் கட்டியிருந்த ஒரு சத்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மேலாளர் என்று பெயர். கூட்டிப் பெருக்குவதைத் தவிர மற்றதெல்லாம் அவர்தான் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த நடையிலும் மாடிப்படியிலுமே வளர்ந்தோம். வந்து தங்கும் குடும்பத்துப் பிள்ளைகளோடு விளையாடியே அண்ணன் மொழிகளைப் பிடித்துக்கொண்டான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அய்யா எங்களுக்கு வேலை ஏவுவார். "மாடியில மொத ரூமுக்கு வெந்நீரு. அடுத்த ரூம்ல இருக்க கெழவிக்கு உப்பில்லாத சோறு. கோடி ரூம்ல பூட்டு சரியில்லங்கிறாக, பாரு. வாசல்ல ஆட்டோக்காரனைப் போகாம நிக்கச் சொல்லு." அண்ணன் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருவான். நான் மாடிப்படி ஏறும்போதே ஒவ்வொன்றாக நழுவும். படியில் எதிரே யாராவது வந்து சிரித்தால் போதும், வெந்நீர் மட்டும் நிற்கும், மற்றது போய்விடும். வெந்நீரைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, "அய்யா, அடுத்து என்னது?" என்று நிற்பேன்.

அய்யா கோபப்பட மாட்டார். தலையைத் தடவி, "அவனுக்குத் தலைக்குள்ள சத்திரமே கட்டி வச்சிருக்கு. ஒனக்கு ஒத்த ரூமுதான் ஆத்தா. ஒரு ஆளு வெளிய போனாத்தான் இன்னொரு ஆளு உள்ள வர முடியும்" என்பார். கேலிதான். ஆனாலும் எங்கள் வீட்டில் அதுவே தீர்ப்பாகிவிட்டது. அண்ணன் கெட்டிக்காரன், பாப்பா கொஞ்சம் மந்தம். பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் வாயால் கணக்குச் சொல்லி முடிப்பதற்குள் தொடக்கம் எனக்குப் போயிருக்கும். அதையே பலகையில் எழுதிப் போட்டால் செய்துவிடுவேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கே அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றவில்லை.

வாழ்க்கை வேறு மாதிரிப் போனது. அய்யாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அண்ணன் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு கைடு வேலைக்குப் போனான். மந்தம் என்று பேரெடுத்த நான் மருந்தாளுநர் படிப்புப் படித்து, கல்யாணமாகி ராமநாதபுரம் வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கும் என் பழக்கம் அதேதான். சீட்டைப் பார்ப்பேன், ஒரு மருந்தை எடுப்பேன், மறுபடி வந்து சீட்டைப் பார்ப்பேன். மற்றவர்கள் நாலு மருந்தை ஒரே நடையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அண்ணன் ஒருமுறை என் கடையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "பாப்பா, நான் இங்கன இருந்தா காலையிலயே கடையைக் காலி பண்ணிருவேன்" என்றான். அய்யாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். பிறகு நடந்ததைப் பார்க்க அவர்கள் இல்லாதது ஒருவகையில் நல்லதுதான்.

அது காற்றுக் காலம். பாம்பன் பாலத்தில் பைக்கில் போகிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும், கைப்பிடியை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். அண்ணன் மண்டபம் ஊரில் ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே வந்த லாரி கடந்த வேகத்தில் காற்று ஒரு கணம் அடைபட்டு, லாரி போனதும் மொத்தமாக வந்து அறைந்தது. வண்டி பாலத்தின் பக்கச் சுவரில் உரசி அவனைத் தூக்கிப் போட்டது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. பின்னால் வந்த மீனவர்கள் தங்கள் வேனிலேயே அவனை ஏற்றி ராமநாதபுரம் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மதுரை. தலையில் ஆபரேசன்.

கண் திறந்தபோது மதினியும் நானும் பக்கத்தில் நின்றோம். எங்களை மாறி மாறிப் பார்த்தான். "பைக்கு என்னாச்சு?" என்றான். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த வடநாட்டுத் தொழிலாளியிடம் அவன் இரண்டாம் நாளே இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டான். டாக்டர் சந்தோஷமாகத் தோளில் தட்டினார். ஊருக்குத் திரும்பிய அன்று மதினி வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாரையும் அடையாளம் தெரியிது. எல்லாப் பேச்சும் பேசுறாக. பழையபடி ஆயிட்டாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். போனுக்கு ஓடிபி வரும். அதைப் பார்த்துவிட்டுப் பழைய பக்கத்துக்குப் போவதற்குள் எண் போய்விடும். திரும்பப் பார்ப்பான், திரும்பப் போய்விடும். கடைசியில் போனை மதினியிடம் நீட்டுவான். பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் யாராவது குறுக்கே ஒரு வார்த்தை சொன்னால், "என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்?" என்பான். நேற்று நடந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய பயணிகளின் முகம்கூட நினைவிருந்தது. இந்த நிமிஷம் கையில் இருந்ததுதான் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த அசதி, போகப் போகச் சரியாகும் என்றோம்.

முடி வளர்ந்து தையல் மறைந்ததும் வேலைக்குக் கிளம்பினான். மதினிக்குப் பயம். "நீயும் கூடப் போயிட்டு வா, ஒனக்குக் கோடி புண்ணியம்" என்று என்னைக் கேட்டுக்கொண்டாள். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

காலை வெயில் ஏறாத நேரம். கடல் தகடு போலக் கிடந்தது. பழைய ஐயர் அண்ணனைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வாப்பா, நீ இல்லாம எனக்கு வாயே இல்லாமப் போச்சு" என்றார். வந்திருந்தவர் வயதான மனிதர், கூட ஒரு உறவினர் மட்டும். கூன் விழுந்த முதுகு. அவர் தகப்பன் தாத்தா காரியத்துக்கு வரவில்லை. மகனுக்கு வந்திருந்தார். ஒரே மகன். அதை முதலில் சொன்னார் என்று அண்ணன் பிறகு சொல்லித் தெரிந்தது. பிறகு குலம், முன்னோர் பெயர்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக் கடலைப் பார்த்துக் கேட்டான். அவன் கண் கலங்கியது. ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஐயர் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அண்ணன் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

திரும்பி அந்தப் பெரியவரிடம் மெதுவாகக் கேட்டான். அவர் பொறுமையாக மறுபடி சொன்னார். இந்த முறை அண்ணன் வேகமாகத் திரும்பினான், கையில் அள்ளிய தண்ணீர் சிந்துவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்பது போல. மகன் பெயரைச் சொன்னான். அடுத்த ஒரு பெயரைச் சொன்னான். அத்தோடு நின்றுவிட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது பெரியவரின் உறவினர் முகம் சுளித்தார்.

"சாமி, மகனுக்காக வந்திருக்காரு. ஒத்த மகன். அது மட்டுந்தான் என்கிட்ட இருக்கு. மத்தது நிக்க மாட்டேங்குது" என்றான் ஐயரிடம்.

ஐயர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் குனிந்து, தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு இந்திச் சொல்லில், "நாம்? நாம்?" என்று கேட்டார். பெரியவர் ஒரு பெயர் சொன்னார். ஐயர் அதை மந்திரத்தில் வைத்தார். விரலால் அடுத்தது என்று காட்டினார். பெரியவர் அடுத்த பெயரைச் சொன்னார். அப்படியே காரியம் நடந்து முடிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் அண்ணன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். கடைசியில் பெரியவர் எழுந்தபோது, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் நீண்ட நேரம் பேசினான். என்ன பேசினானோ, பெரியவர் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதார். எனக்கு மொழி தெரியாது. ஆறுதல் சொல்வதில் அவனுக்கு ஒன்றும் குறையவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

எழுதிக்கொள்ளலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். எழுதிப் பார்த்தான். முதல் சொல்லை எழுதும்போது இரண்டாவது சொல் போய்விட்டது. பயணிகள் எழுதிக்கொண்டு வரட்டும் என்றால், அவர்கள் எழுதும் எழுத்தைப் பார்த்துப் படிக்க அண்ணன் எதற்கு? மொழி மாற்றித் தரும் போன் எல்லார் கையிலும் இருந்தது. இதுநாள் வரை அதைவிட அவன் வேகமாக இருந்தான், அவ்வளவுதான்.

நன்றாகப் பேசுகிறவனுக்கு ஒரு குறை இருக்கிறது என்று யாரும் நம்பவில்லை. கை ஒடிந்திருந்தால் கட்டு தெரியும். வேன் டிரைவர்களில் ஒருவர், "அண்ணன் தண்ணியப் போட்டுட்டு வாராரோ?" என்று கேட்டதாகக் காதில் விழுந்தது. அண்ணன் ஜென்மத்தில் குடித்ததில்லை.

வீட்டிலும் அதுதான் நடந்தது. ஒருநாள் நான் போயிருந்தபோது மதினி அவனிடம் தேங்காயும், கருவேப்பிலையும், பிள்ளைக்கு ஒரு ஜியோமெட்ரி பாக்ஸும் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். தேங்காயோடு வந்தான். மதினி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உடைந்துபோனாள்.

"நடிக்கிறீகளா? நேத்து வந்த சொந்தக்காரக அத்தன பேரு கதையையும் ஒண்ணுவிடாமச் சொன்னீக. மூணு சாமான் ஞாபகம் இருக்காதா? எனக்குன்னா மட்டும் மறந்துபோகுதா?"

அண்ணன் தேங்காயைக் கீழே வைத்தான். "எனக்கும் அதுதான் தெரியல" என்றான். அவ்வளவு மெல்ல அவன் பேசி நான் கேட்டதில்லை. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து அவனுக்குக் காபி கொடுத்து, அவன் குடித்து முடிக்கும் வரை முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மறுவாரம் மதுரையில் அதே ஆஸ்பத்திரியில் கேட்டபோது, மூளையின் வேலையைச் சோதித்துப் பார்க்கும் ஒரு உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண். நான் அண்ணனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். முதலில் படங்கள் காட்டினாள். ஒரு வரிசையில் அடுத்து என்ன வரும், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று கேட்டாள். எல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. அண்ணன் சட்டென்று சொல்லிவிட்டான். பல மாதம் கழித்து அவன் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன். பிறகு அவள் எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். இரண்டு எண் வரை சொன்னான். மூன்றில் தடுமாறினான். நான்கு எண் சொன்னதும் கண்ணை மூடினான். மூடிய கண்ணோரம் தண்ணீர் வந்தது.

அவன் பின்னால் உட்கார்ந்து நானும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏறக்குறைய அங்கேதான் அறுந்தது.

அந்தப் பெண் காகிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசினாள். "சார், உங்க அனுபவம், உங்க மொழி, யோசிக்கிறது எல்லாம் அப்படியே இருக்கு. ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டே இன்னொரு வேலை பாப்போம்ல, அந்தப் பிடிதான் குறைஞ்சிருக்கு. ஒர்க்கிங் மெமரின்னு சொல்லுவோம்."

"அப்ப என் புத்தி?"

"ரெண்டும் ரொம்ப நெருக்கம் சார். இந்தப் பிடி நல்லா இருக்கவங்க பெரும்பாலும் புதுசா ஒண்ணைக் கத்துக்கிறதுலயும் புதிர் அவிழ்க்கிறதுலயும் கெட்டியா இருப்பாங்க. அதனால பாக்குறவங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்குவாங்க. ஒண்ணு கிடையாது."

"எனக்குமே அப்படித்தான் நெனப்பு" என்றான் அண்ணன். "திரும்பி வருமா மேடம்?"

"கொஞ்சம் வரலாம். பழையபடி வரும்னு நான் பொய் சொல்ல விரும்பல."

கும்பிட்டுவிட்டு எழுந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்கார வைத்தேன். மானாமதுரை தாண்டும் வரை கருவேலங்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது சொல்லவேண்டும் என்று, "அண்ணே, அந்த நம்பரு என்னாலயும் சொல்ல முடியல. நானும் அங்கனதான் விட்டேன்" என்றேன்.

"நீ எப்பவுமே அப்படித்தான பாப்பா" என்று சிரித்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, முதல்முறையாகப் பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தான்.

"எப்படி இருந்த நீ? சின்னதுல இருந்து, இப்படித்தான் இருந்தியா?"

"ஆமாண்ணே."

"நாங்க சிரிச்சோமே ஒன்னைய."

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. எனக்கே நான் மக்குன்னுதான் நெனப்பு."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பரமக்குடி வரை விடவில்லை. எனக்கு அப்போது துக்கத்தோடு ஒரு விநோதமான நிம்மதியும் வந்தது. இத்தனை வருஷம் என் அறிவின் அளவு என்று நான் நம்பியிருந்தது, அறிவு நின்று வேலை செய்யும் இடத்தின் அளவுதான் என்று ஒரு சின்னப் பெண் சொல்லிவிட்டாள். ஆனால் அந்த நிம்மதி என் அண்ணனின் நஷ்டத்தில் இருந்து வந்தது. அதை வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

என் வழிகளையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒன்று. எதிரே பேசுகிறவரைத் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்வது. கேட்டதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது. வெட்கப்படாமல் மறுபடி கேட்பது. எனக்கு இவை நடக்கப் பழகியது போல வந்தவை. அவனுக்கு ஒவ்வொன்றும் அவமானமாக இருந்தது. தெருவில் "தேங்கா, கருவேப்பில, தேங்கா, கருவேப்பில" என்று முணுமுணுத்துக்கொண்டு போனவனை அறிந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருநாள் என்னிடம் சொன்னான்: "ஒனக்கு அது இருந்ததே இல்ல பாப்பா. எனக்கு இருந்து போச்சு. காலையில எந்திரிக்கும்போது தெனமும் இருக்கிற மாதிரியே இருக்கு. யாராவது பேச ஆரம்பிச்சதுந்தான் இல்லன்னு தெரியிது."

கொஞ்ச நாள் தனுஷ்கோடிக்கு மட்டும் ஆட்களைக் கூட்டிப்போனான். இடிந்த சர்ச்சின் முன்னால் நின்று புயல் கதையை இந்தியில் சொல்வான். வருஷக்கணக்காகச் சொன்ன கதை, தடங்கல் இல்லாமல் வரும். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். கதை முடிந்ததும் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், இரண்டு பேர் சேர்ந்தாற்போலக் கேட்பார்கள். அங்கே சிரித்துக்கொண்டே நின்றுவிடுவான். அதையும் விட்டான். இப்போது தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருடைய சங்குக் கடையில் உட்கார்கிறான். ஒரு ஆள் வந்தால் நன்றாக வியாபாரம் செய்வான். கூட்டம் வந்தால் முதலாளி எழுந்து வந்துவிடுவார். மாலையில் வீட்டில் இந்திச் செய்தி கேட்பான். மதினியோடு தமிழ் சீரியல் பார்ப்பான். இரண்டிலும் சரியான இடத்தில் சிரிப்பான், சரியான இடத்தில் திட்டுவான்.

போன மாதம் என் கடைக்கு ஒரு வடநாட்டு அம்மா ஓடிவந்தாள். தீர்த்தமாடிவிட்டு வரும் வழியில் கணவருக்கு நெஞ்சு வலி, உள்ளே சேர்த்திருந்தார்கள். கையில் டாக்டர் எழுதிய சீட்டு. ஆனால் அவள் மருந்து கேட்கவில்லை. சீட்டைத் தட்டித் தட்டி எதையோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவள் பதறுவதைப் பார்த்து யோசிக்காமல் அண்ணனுக்குப் போன் போட்டேன். பழைய பழக்கம். எங்கள் கடைக்கு இப்படி யார் வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவேன்.

"அண்ணே, என்ன சொல்றாகன்னு கேளு. துண்டு துண்டாக் கேளு."

போனை அவளிடம் கொடுத்தேன். அவள் மூச்சுவிடாமல் பேசினாள். அவன் ஏதோ சொன்னான், அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. போன் என்னிடம் வந்தது. "பாப்பா, அவரு ஏற்கனவே ஒரு மாத்திரை சாப்பிடுறாராம். ரத்தம் ஒறையாம இருக்க. அப்புறம்... இரு, திரும்பக் குடு." மறுபடி கொடுத்தேன். மறுபடி வந்தது. "விரதம்னு இன்னைக்கு... இல்ல, நேத்து... இரு பாப்பா, குடு அவுககிட்ட." அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. சத்தம் போட ஆரம்பித்தாள். வரிசையில் நின்றிருந்த ஒருவர் தன் போனை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார். அவள் பேசினாள். போன் தமிழில் பேசியது: நேற்று விரதக் குழப்பத்தில் அந்த மாத்திரையைத் தவறுதலாக இரண்டு முறை சாப்பிட்டுவிட்டார், டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. நான் உள்ளே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். நல்லவேளை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை இன்னும் போட்டிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது என் போன் மேசையில் கிடந்தது. துண்டிக்கவில்லை. எடுத்தேன்.

"பாப்பா? பாப்பா, போனை அவுககிட்ட குடு. இந்தத் தடவ சொல்லிருவேன்."

"முடிஞ்சுதுண்ணே. டாக்டர்கிட்டச் சொல்லியாச்சு."

"நான் சொல்லிட்டனா?" என்றான்.

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அந்த மனிதர் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டண்ணே. நீ சொன்னதாலதான் ஆச்சு."

"சரி" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் மதினி கூப்பிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள், சொன்னேன்.

"வந்ததுல இருந்து வாசல்லயே ஒக்காந்திருக்காக. என்னன்னு கேட்டேன். 'பாப்பா எனக்காகப் பொய் சொல்லிருக்கா'ங்கிறாக. எப்படித் தெரியும்னேன். 'நான் கேட்டதும் உடனே ஆமான்னு சொல்லல. யோசிச்சா. நெஜமாயிருந்தா யோசிக்க என்ன இருக்கு'ங்கிறாக."

போனில் அவர்கள் வீட்டு டிவி சத்தம் கேட்டது. மதினி, "சாப்பிட வாங்க" என்று அவனைக் கூப்பிட்டாள். வாரேன் என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது.